எம்.எல்.ஏ. ஆவது எப்படி, ஆன பிறகு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திய காலத்தில், பாடப்புத்தகத்தில் பதில் இல்லாத கேள்விகளை மாணவர்கள் அதிகம் கேட்டது சட்டமன்றப் பாடத்தில்தான். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஊர் நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். சில சமயம் அவர்களுடைய அப்பா அம்மாவும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தைப் பற்றியவை.

எம்.எல்.ஏ. ஆக என்ன தகுதி வேண்டும்? படிப்பு வேண்டாமா?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். போட்டியிடும் தொகுதியிலேயே பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. மொத்தம் 234 தொகுதிகள். அவற்றில் 44 தொகுதிகளில் பட்டியல் சாதியினரும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டில் பழங்குடியினரும் மட்டுமே நிற்கலாம். அரசு வேலையில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டுத்தான் மனு தாக்கல் செய்ய முடியும்.

படிப்புத் தகுதி எதுவும் சட்டத்தில் இல்லை. அது சரிதான் என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்தை எட்ட முடியாமல் போன ஒருவருக்கு, பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்கும் இடத்திலும் கதவை அடைப்பது நியாயமில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அவைக்குள் போன பிறகு படிக்காமல் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வரவு செலவுத் திட்டம், ஒவ்வொரு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, தணிக்கை அறிக்கை என்று கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். இரவு உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவருக்கும் அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் மறுநாள் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

கட்சியில் சீட்டு எப்படிக் கிடைக்கிறது?

தேர்தல் நெருங்கும்போது கட்சிகள் விருப்ப மனு வாங்கும். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. பிறகு தலைமை அலுவலகத்தில் நேர்காணல். காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையில் மாவட்டச் செயலாளரின் பேச்சு, தொகுதியின் சாதிக் கணக்கு, கூட்டணிக்கு எந்தத் தொகுதி போகிறது, எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. பத்து வருடம் உழைத்தவரின் தொகுதி கடைசி நாளில் கூட்டணிக் கட்சிக்குப் போய்விடுவதும் நடக்கும். கட்சித் தலைமை கையெழுத்திட்ட படிவம் தேர்தல் அதிகாரியின் கைக்கு வந்து சேரும்வரை யாருக்கும் சின்னம் உறுதியில்லை.

அரசியலுக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளிடம், உள்ளாட்சியில் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஓ. பன்னீர்செல்வம் முதலில் பெரியகுளம் நகராட்சித் தலைவராக இருந்தார், 2001-இல்தான் சட்டமன்றத்துக்கு வந்தார். குடிநீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, அதைச் சரிசெய்யும் கோப்பு எந்த மேசையில் தேங்கியிருக்கிறது என்பதை வார்டு உறுப்பினராக இருந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுயேச்சையாக நின்று ஜெயிக்க முடியுமா?

முடியும், ஆனால் அரிது. மு. அப்பாவு 1996-இல் ராதாபுரத்தில் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். 2001-இல் அதே தொகுதியில் சுயேச்சையாக நின்றும் வென்றார். தொகுதி முழுக்க முகம் தெரிந்தவருக்குத்தான் அது சாத்தியம்.

ஜெயிப்பதற்காக இல்லாமல், ஒரு விஷயத்தை ஊரறியச் செய்வதற்காக நிற்பதும் உண்டு. 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனு தாக்கல் செய்தார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டு ஒரு புத்தகம் போல ஆகிவிட்டது. அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு வைப்புத்தொகை வெறும் 250 ரூபாய். அந்தத் தேர்தலுக்குப் பிறகு அதை 5,000 ஆக்கினார்கள். இப்போது 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வராது. அதைத்தான் டெபாசிட் போச்சு என்கிறோம்.

எவ்வளவு செலவாகும்?

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். இது 2022-இல் தேர்தல் ஆணையம் நிர்ணயித்த வரம்பு. முடிவு வந்த 30 நாட்களுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதியிழக்க நேரிடும்.

இதைச் சொன்னதும் நூலகத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது ஊருக்கே தெரியும், மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் அப்படியே ரத்தானது. நான் பார்த்தவரையில் இதில் மிகப் பெரிய இழப்பு, கையில் பணமில்லாத நல்ல ஆட்கள் மனு தாக்கல் செய்யவே யோசிப்பதுதான். ஆனாலும் 2021-இல் திருத்துறைப்பூண்டியில் குடிசை வீட்டில் வாழ்ந்த க. மாரிமுத்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராக வென்றார். இந்தப் பெயரைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

தோற்றுவிட்டால் அரசியல் வாழ்க்கை முடிந்ததா?

இந்தத் தொழிலில் தோல்வி எல்லோருக்கும் வரும். அறிஞர் அண்ணா 1957-இல் காஞ்சிபுரத்தில் வென்று, 14 பேரோடு அவைக்குள் போனார். 1962-இல் அவருடைய கட்சி 50 இடங்களைப் பிடித்தது, ஆனால் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். மாநிலங்களவைக்குப் போனார். ஐந்தே ஆண்டுகளில் முதலமைச்சரானார். அதே 1967-இல் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். இரண்டு ஆண்டுகளில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். 1996-இல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்துகொண்டே பர்கூரில் தோற்றார். எடப்பாடி பழனிசாமி 1996-இலும் 2006-இலும் எடப்பாடியில் தோற்றவர்தான்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது, முன்னே சொன்ன அப்பாவுவின் 2016 தோல்வி. ராதாபுரத்தில் 49 வாக்குகளில் போனது. தபால் வாக்குகளை எண்ணியதில் தவறு என்று வழக்குப் போட்டார். 2019-இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. வழக்கு நீண்டுகொண்டே போக, 2021-இல் மறுபடி நின்று வென்று அதே அவைக்குச் சபாநாயகராகவே வந்து உட்கார்ந்தார். அந்தத் தேர்தலில் தியாகராய நகரின் முடிவு 137 வாக்குகளில் நின்றது. நம்ம ஒரு ஓட்டு என்ன ஆகிவிடப்போகிறது என்று வீட்டில் இருந்துவிடுபவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

தோற்காத ஒருவரும் உண்டு. மு. கருணாநிதி 1957-இல் குளித்தலையில் தொடங்கி 2016-இல் திருவாரூர்வரை 13 முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றார், 13 முறையும் வென்றார். 1991-இல் துறைமுகத்தில் வெறும் 890 வாக்குகளில் தப்பினார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவைக்குள் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு உண்மையில் என்ன வேலை?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமானது இதுதான். கல்யாணத்துக்கு வருவது, துக்கத்துக்கு வருவது, பூமி பூஜையில் செங்கல் எடுத்து வைப்பது, இதையெல்லாம் வைத்தே நாம் எம்.எல்.ஏ.வை மதிப்பிட்டுப் பழகிவிட்டோம். வேறு யாராலும் செய்ய முடியாத வேலை அவருக்குக் கோட்டையில் இருக்கிறது.

காலையில் சபாநாயகர் திருக்குறள் வாசித்து அவையைத் தொடங்குவார். முதல் ஒரு மணி நேரம் வினா விடை நேரம். முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வினாவுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். பதில் போதாவிட்டால் துணை வினா கேட்கலாம். ஒரு சாதாரண உறுப்பினரின் கையில் இருக்கும் மிகக் கூர்மையான கருவி இந்தத் துணை வினாதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் தூங்கும் கோப்பு, அவையில் வினாவாக வந்துவிட்டால் அன்றே தூசு தட்டப்படும். அமைச்சர் பதில் சொல்ல வேண்டுமே! துறைச் செயலாளரிலிருந்து கீழே உதவிப் பொறியாளர்வரை தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் நேரமில்லா நேரம். அன்றைய அவசரப் பிரச்சினையைச் சபாநாயகரின் அனுமதியோடு எழுப்பலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். வரவு செலவுத் திட்டம் வந்த பிறகு ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை மீது விவாதம் நடக்கும். அப்போது ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். நிஜமாகவே பணத்தைக் குறைப்பது அதன் நோக்கமில்லை. அந்தத் துறையில் என்ன குறை என்று பேச வழி கிடைக்கும், அதற்காகத்தான். விதி 110-இன் கீழ் முதலமைச்சர் படிக்கும் அறிவிப்புகளுக்கு மட்டும் விவாதம் கிடையாது. அறிவிப்புகள் அந்த வழியில் குவியக் குவிய, உறுப்பினர் கேள்வி கேட்கும் இடம் சுருங்குகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

1957-இல் முதன்முறை உறுப்பினரான கருணாநிதி அவையில் பேசிய முதல் பேச்சு, தன் தொகுதியைச் சேர்ந்த நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையைப் பற்றியது. புதிதாகப் போகிறவர் எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

குழுக்கள் என்கிறார்களே, அவை எதற்கு?

அவையில் எல்லாவற்றையும் அலசிப் பார்க்க நேரம் கிடையாது. அதனால் உறுப்பினர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும். மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு எல்லாம் உண்டு. நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது உறுதிமொழிக் குழுவைப் பற்றி. செய்துதருகிறோம் என்று அமைச்சர் அவையில் சொன்ன ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, செய்தார்களா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. தொலைக்காட்சியில் இதெல்லாம் வராது. ஆனால் நன்றாக உழைக்கும் உறுப்பினர் யார் என்பது இங்கேதான் தெரியும்.

எங்கள் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது. எம்.எல்.ஏ.விடம் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அது உள்ளாட்சியின் வேலை. ஊராட்சித் தலைவரோ கவுன்சிலரோ செய்ய வேண்டியதை எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோனால், அவரும் அதே அதிகாரிக்குத்தான் போன் போடுவார். சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா? பாதி மனுக்கள் தப்பான துறைக்குப் போய்த்தான் காணாமல் போகின்றன.

எங்கள் ஊர்த் தரைப்பாலத்தின் கதையைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் அது மூழ்கிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாது. பலமுறை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். "பாலம் வேண்டும், ஆவன செய்யவும்" என்று ஒரு வரி. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடம் மாணவர்களை வைத்து எந்தெந்தத் தேதியில் பாலம் மூழ்கியது, எத்தனை பேர் பள்ளிக்கு வரவில்லை, சுற்றிப் போனால் எத்தனை கிலோமீட்டர், சாலை எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று எழுதச் சொன்னோம். இரண்டே பக்கம். அதை அப்போதைய எம்.எல்.ஏ. கையில் வாங்கிப் படித்துவிட்டு, "சார், இதை அப்படியே வினாவா கொடுத்துடலாம்" என்றார். கொடுத்தார். நிதி ஆதாரத்துக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அதற்கடுத்த ஆண்டு மானியக் கோரிக்கையில் மறுபடி எழுப்பினார். அதன் பிறகுதான் மண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். பாலம் இப்போது இருக்கிறது. முதல் மனுவுக்கும் பாலத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். விவரம் எழுதிக் கொடுத்ததிலிருந்து எண்ணினால் மூன்றுதான்.

சட்டம் இயற்றுவதில் ஒரு தனி உறுப்பினருக்கு என்ன பங்கு?

பெரும்பாலான மசோதாக்களை அரசுதான் கொண்டுவருகிறது. தனி உறுப்பினரும் கொண்டுவரலாம், அது நிறைவேறுவது அபூர்வம். ஆனால் விதைத்தது வீண்போகாது என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சொல்லி அவையில் தீர்மானம் கொண்டுவந்தார், எதிர்ப்புகளுக்கு முகம் கொடுத்தார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியை விட்டு விலகினார். முழுமையான ஒழிப்புச் சட்டம் வந்தது 1947-இல். அவர் அந்தச் சபையில் இருந்தது சில ஆண்டுகள்தான். அந்தச் சில ஆண்டுகளில் போட்ட அடித்தளம் இருபது ஆண்டுகள் கழித்துச் சட்டமானது.

மாநிலச் சட்டமன்றம் நம் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் திருத்தியது. இந்தியா முழுமைக்கும் அது வந்தது 2005-இல். சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆனதும் 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்த அவை எடுத்த முடிவால்தான்.

அவை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். அவர் திருப்பி அனுப்பலாம். அவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 200-வது பிரிவு.

கட்சி சொன்னபடிதான் ஓட்டுப் போட வேண்டுமா?

ஆமாம். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, தானாகக் கட்சியை விட்டு விலகினாலோ பதவி போகும். முடிவெடுப்பவர் சபாநாயகர். 2017 செப்டம்பரில், முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 18 பேரைச் சபாநாயகர் ப. தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளின் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில்தான் நடந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்த 18 தொகுதி மக்களுக்கும் அவையில் ஆளே இல்லை. விலைக்கு வாங்கப்படுவதைத் தடுக்கவே இந்தச் சட்டம், அது வேண்டும். ஆனால் சாதாரண மசோதா ஒவ்வொன்றிலும் உறுப்பினரின் மனசாட்சியைக் கட்டிப்போடுவது அதிகம் என்று நினைக்கிறேன். அரசு கவிழும் வாக்கெடுப்புகளில் மட்டும் கொறடா உத்தரவு செல்லட்டும்.

எம்.எல்.ஏ. ஆகாமல் அமைச்சர் ஆக முடியுமா?

ஆறு மாதம் வரை முடியும். அதற்குள் அவைக்குத் தேர்வாக வேண்டும். 1954-இல் முதலமைச்சரானபோது காமராஜர், அப்போது இருந்த இரண்டாவது அவையான மேலவை வழியாகச் சுலபமாக உள்ளே வந்திருக்கலாம். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் ஓட்டு வாங்கியே வந்தார். 2001-இல் வேட்புமனுக்கள் தள்ளுபடியான நிலையில் ஜெயலலிதா முதலமைச்சர் பதவி ஏற்றதை, அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. போட்டியிடவே தகுதியில்லாத நிலையில் இருப்பவருக்கு இந்த ஆறு மாதச் சலுகை பொருந்தாது.

மொத்த உறுப்பினர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கு முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். மீதி இருக்கும் ஏறத்தாழ இருநூறு பேர் கடைசிவரை சாதாரண உறுப்பினர்கள்தான். அதை ஒரு குறைபோல நினைக்க வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு? ஓய்வூதியம் உண்டா?

2017-இல் சம்பளமும் படிகளுமாகச் சேர்த்து மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஓய்வூதியத்தை அப்போது 12,000-லிருந்து 20,000 ஆக்கினார்கள், பிறகும் உயர்ந்திருக்கிறது. சென்னையில் தங்க ஓமந்தூரார் வளாகத்தில் உறுப்பினர் விடுதி இருக்கிறது. பேருந்துப் பயணம் இலவசம்.

எம்.எல்.ஏ. ஆகிவிட்டால் ஏழு தலைமுறைக்குச் சொத்து என்று ஊரில் பேசுவார்கள். அப்படிச் சேர்த்தவர்கள் உண்டு, நீதிமன்றத் தீர்ப்புகளே சொல்கின்றன. ஆனால் மதுரை கிழக்கில் 2001, 2006 என இரண்டு முறை வென்ற நா. நன்மாறன், 2021-இல் தனக்கு ஒரு வீடு ஒதுக்கித் தரும்படி ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்து நின்றார். வாடகை வீட்டில் இருந்த முன்னாள் எம்.எல்.ஏ. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார். எல்லோரும் ஒரே மாதிரி என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தி, நன்மாறனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன்.

தொகுதி மேம்பாட்டு நிதியை அவர் இஷ்டப்படி செலவு செய்யலாமா?

பணம் அவர் கைக்கு வராது. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கு வேலைகளைப் பரிந்துரை செய்வார், மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு போட்டு ஒப்பந்தம் விட்டுச் செய்யும். அதில் ஒரு பகுதி, அரசு குறிப்பிட்ட வகை வேலைகளுக்கு மட்டும்தான். பள்ளிக் கட்டடம், ரேஷன் கடை, நிழற்குடை, குடிநீர்த் தொட்டி போன்றவை இதில் வரும். ஒரு தொகுதியில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இது மிகச் சிறிய தொகை. பெரிய வேலைகள் துறைகளின் நிதியிலிருந்துதான் வர வேண்டும். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 பேருக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்குத் தேவையான பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டார். உங்கள் தொகுதியின் அப்போதைய எம்.எல்.ஏ. எந்தப் பத்தைக் கொடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

நடுவில் பதவி எப்படிப் போகும்?

இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றால் உடனே போகும். மேல்முறையீடு செய்தால் பதவியில் நீடிக்கலாம் என்று முன்பு இருந்த சலுகையை 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா முதலமைச்சர் பதவியோடு ஸ்ரீரங்கம் உறுப்பினர் பதவியையும் இழந்தது இதனால்தான். க. பொன்முடி 2023 டிசம்பரில் தண்டனை பெற்றுத் திருக்கோவிலூர் தொகுதியை இழந்தார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைக்க, உறுப்பினர் பதவி திரும்ப வந்தது. இது தவிர, அனுமதியில்லாமல் 60 நாட்கள் அவைக்கு வராவிட்டாலும் இடத்தைக் காலியானதாக அறிவிக்கலாம்.

எம்.எல்.ஏ.க்களை விமர்சித்தால் உரிமை மீறலா?

அவையில் பேசியதற்காக உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு நியாயமானது, இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் அதே உரிமையை வெளியே இருப்பவர்கள் மீது வீசியதும் நடந்திருக்கிறது. 1987-இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு அவை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்று நாளில் விடுதலை செய்தார்கள். உறுப்பினர்களின் உரிமை எதுவரை என்பது இன்னும் முழுதாகச் சட்டமாக எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும்.

பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு?

2021-இல் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர். வாக்காளர்களில் பெண்கள் ஆண்களைவிட அதிகம், வரிசையில் நின்று ஓட்டுப் போடுவதிலும் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. அங்கே நன்றாகச் செய்துகாட்டிய ஆயிரக்கணக்கான பெண்களில் எத்தனை பேரைக் கட்சிகள் நேர்காணலுக்குக் கூப்பிடுகின்றன? மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுக்கான அரசியலமைப்புத் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதில் எழுதியிருக்கிறது. கட்சிகள் மனசு வைத்தால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

எம்.எல்.சி. என்றால் யார்?

மேலவை உறுப்பினர். தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 முதல் மேலவை கிடையாது.

எங்கள் எம்.எல்.ஏ. என்ன செய்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாங்களே அவைக்கு மனு அனுப்ப முடியுமா?

2022 ஜனவரியிலிருந்து வினா விடை நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள். அவை நடக்கும் நாட்களில் காலையில் பாருங்கள். உங்கள் தொகுதியின் பெயர் வருகிறதா என்று கவனித்தாலே போதும். பேச்சுகள் எல்லாம் அவைக்குறிப்பில் பதிவாகின்றன. வேட்பாளராக நின்றபோது கொடுத்த சொத்து, வழக்கு விவரப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். போன தேர்தலில் கொடுத்ததையும் இந்தத் தேர்தலில் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மனு அனுப்ப முடியும், நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவதற்கு முன்னால் பத்திரிகைகளில் அறிவிப்பு வரும். மனுவைத் தமிழில் எழுதி, தேதியும் கையொப்பமும் இட்டு, ஐந்து நகல்களோடு அனுப்பச் சொல்வார்கள். ஒரு மனுவில் ஒரே துறையைச் சேர்ந்த ஒரே பொதுப் பிரச்சினைதான் இருக்க வேண்டும். பட்டா, வேலை, முதியோர் உதவித்தொகை, வங்கிக் கடன் போன்ற தனிப்பட்ட கோரிக்கைகளையும், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயங்களையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊரின் நீண்ட நாள் குறையாக இருக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் எழுதிய மனுக்களின் நகல்களை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். எப்படி எழுதுவது என்று பார்க்க வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.